நரம்பெடுத்த பல்லும் வலிக்குமா?

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் இரவு ஷிப்டு பார்க்கும் மகனுக்காகத் தாயார் ஒருவர் கேட்கிறார்: "வேர்ச் சிகிச்சை செய்து நரம்பையே எடுத்துவிட்டார்கள். பிறகும் பல் எப்படி வலிக்கும்?"

நியாயமான கேள்விதான். வலிப்பது பல்லன்று, பல்லைத் தாடையெலும்புடன் பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வு. வேரினுள் கருவி சென்று வந்ததால் நுனியைச் சுற்றிய திசு புண்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் வலி தணியத் தொடங்கும். கடிக்கும்போது கூசுவது ஒரு வாரம்வரை இருக்கலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதையே கவனியுங்கள்.

மரத்த உணர்வு நீங்குமுன்பே, ஆறிய கஞ்சியோ பாலோ அருந்தி முதல் மாத்திரையை விழுங்கிவிடுவது நல்லது. இபுபுரூஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமாலும் சேர்ந்தால் பெரும்பாலோர்க்குப் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இபுபுரூஃபெனைத் தொடலாகாது.

ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் கடையில் ஒன்று, நண்பரிடம் ஒன்று என வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. காம்பிஃப்ளாமில் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் ஏற்கெனவே உண்டு. அதன்மேல் டோலோ 650 போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும். ஆன்டிபயாடிக் வலிநிவாரணி அன்று. வீக்கமோ காய்ச்சலோ இல்லாதபோது அதனால் பயனில்லை. ஆஸ்பிரினை ஈறில் அடக்கிவைக்கும் பழைய வழக்கம் ஈறைப் பொசுக்கிவிடும்.

இ.எஸ்.ஐ.யில் தகுதியுள்ளோர்க்கு நோய்க்காலத்தில் ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. பல் வலிப்பதோ அந்த இரண்டு நாட்கள்தான்! ஆகவே வார விடுமுறைக்கு முந்திய நாளில் சிகிச்சையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரமளானில் பகல் முழுதும் மாத்திரைக்கு வழியிராது. அவசரமில்லையெனில் பெருநாளுக்குப் பின் செய்துகொள்ளலாம். தள்ளிப்போட முடியாத நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை இருக்கவே இருக்கிறது.

வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிறதா? அடைப்பு உயர்ந்திருக்கிறது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் தீராது. மருத்துவர் சற்றே தேய்த்துவிட்டால் சரியாகும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, ஷிப்டை விட்டுவிட்டு அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்று: வலி நின்றதும் பலர் மருத்துவரை மறந்துவிடுகிறார்கள். தற்காலிக அடைப்போடு விட்ட கடைவாய்ப்பல், உறை போடாவிட்டால், ஒருநாள் பட்டாணி கடிக்கையில் இரண்டாகப் பிளந்து நிற்கும். வேர்வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.