பென்டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் போடாதீர்கள்

"லினக்ஸில் பென்டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் போட்டுவிடு" என்று சொல்லாத ஊரில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் போன்ற ஊரில் இந்த யோசனை பேரிழப்பில் முடியும். அங்கிருந்த தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கிய காலத்துப் படங்களையும் வேலைச் சான்றுகளையும் ஒரு குடும்பம் ஸ்கேன் செய்து பென்டிரைவில் வைத்திருந்தால், அதை அழித்தபின் எங்கே போய்க் கேட்பது? இந்த யோசனைக்குச் சொல்லும் காரணங்கள் ஒன்றும் நிற்காது.

"டிரைவ் செத்துவிட்டது" என்பது முதல் காரணம். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு அடிமட்டத்துக்கு வந்துசேர்வது வேறு, அதன் கதவு திறப்பது வேறு. பென்டிரைவும் அப்படித்தான். கணினி டிரைவைக் கண்டுகொள்வது முதலாவது. கோப்புகளைத் திறந்துவிடும் 'மவுன்ட்' இரண்டாவது. டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை கொடுங்கள். பட்டியலில் 'எஸ்டிபி1' போல ஒரு பெயர் சரியான கொள்ளளவோடு வந்தால், டிரைவ் சாகவில்லை, மவுன்ட்தான் ஆகவில்லை. பெயரே வராவிட்டால் வேறு போர்ட்டில் செருகி, 'டிமெஸ்ஜி' காட்டும் கடைசி வரிகளைப் படியுங்கள்.

"விண்டோஸ் டிரைவ் லினக்ஸுக்குப் புரியாது" என்பது இரண்டாவது. இது பழைய கதை. விண்டோஸ் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கான முறையான டிரைவர் 2020-ல் லினக்ஸின் மையமான கெர்னலின் 5.7 பதிப்போடு வந்தது. விண்டோஸின் இன்னொரு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் வல்ல டிரைவர் 2021-ல் 5.15 கெர்னலில் சேர்ந்தது. பழைய கெர்னல் என்றால் அதற்குரிய மென்பொருளை நிறுவினால் போதும்.

"படிக்க முடிகிறது, எழுத விடவில்லை, ஆகவே கெட்டுவிட்டது" என்பது மூன்றாவது. டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினால், எழுதி முடியாத தரவு பாதியில் நிற்கும். அந்தப் பிழையைக் கண்டால், சேதம் பெருகாதிருக்க லினக்ஸ் எழுதுவதை நிறுத்திவிடும். அது காவல். சில சமயம் என்டிஎஃப்எஸ் டிரைவை மவுன்ட் செய்யவே மறுக்கும். அப்போது விண்டோஸில் செருகி 'செக்டிஸ்க்' ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

ஃபார்மட்டே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் வேறிடத்தில் நகலெடுங்கள். அடுத்தது பழுது பார்ப்பது. ஃபார்மட் அதற்கும் பிறகுதான். படத்தில் இருக்கும் தாத்தா இன்னொரு முறை சுரங்கத்தில் இறங்கப்போவதில்லை.