பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்



"சேர், டேட்டா முடிஞ்சிட்டு."

வட்ஸ்அப் குழுவில் பாடம் போட்டால் ஆசிரியர்களாகிய எங்களுக்கு வரும் முதல் பதில் இதுதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலம் தொட்டுக் கேட்டு வருகிறோம். 2021 இல் ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சிக்னல் தேடிப் பாறை ஏறிய படங்களை நாமும் ஷெயார் பண்ணினோம், கவலைப்பட்டோம். பிறகு என்ன செய்தோம்? வசதி உள்ளவர்கள் ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்தோம். இன்று ஒரே ஒழுங்கையில் பத்துப் பிள்ளைகள், ஒரே பாட வீடியோவைப் பத்துத் தரம் காசு கொடுத்து இறக்குகிறார்கள்.

அதே ஒழுங்கையில் எத்தனை வீட்டு அலுமாரிக்கு மேல் பழைய கொம்பியூட்டர் தூசு பிடித்துக் கிடக்கிறது?

அதை இறக்கித் துடைத்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, வீட்டு இணைப்போடு கேபிளால் இணையுங்கள். "ரவுட்டர் இருக்கும்போது இது எதற்கு?" என்பீர்கள். ரவுட்டர் இணைப்பைப் பங்கு போடும். இறக்கியதைச் சேர்த்து வைக்காது. கொம்பியூட்டர் இரண்டையும் செய்யும். பாடநூல், கடந்தகால வினாத்தாள், ஆசிரியரின் வீடியோ எல்லாவற்றையும் ஒரு தரம் இறக்கி, ஒரு போல்டரில் வைத்து ஷெயார் பண்ணுங்கள். வீட்டு வைஃபையில் உள்ள எந்தப் போனிலும் அதைத் திறக்கலாம். ஒரு எம்பி டேட்டாவும் போகாது.

"கரண்ட் பில் கூடும்" என்கிறார்கள். 100 வொட் இழுக்கும் கொம்பியூட்டர் நாளுக்கு 3 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 9 யுனிட். பத்து வீட்டு ரீலோட் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"இன்டர்நெட் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்கிறார்கள். போர்வைக்குள் போனைப் பார்க்கும் பிள்ளையை யார் கண்டார்? விறாந்தையில், உம்மாவின் கண் முன்னால் இருக்கும் கொம்பியூட்டரில் ஸ்குவிட் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் வழியாக மட்டுமே இணைப்புப் போகும்படி அமைத்தால், எந்தத் தளம், எத்தனை மணி வரை என்பதை நாமே தீர்மானிக்கலாம். பயம் உண்மையானால் மருந்து இதுதான்.

இணைப்பைக் காசுக்கு விற்கச் சொல்லவில்லை. அது அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில். பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுக்கவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அஸருக்குப் பிறகு ஒரு பென் டிரைவோடு வந்து பாடத்தை எடுத்துப் போகட்டும். அவ்வளவுதான்.

அயலவரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! அந்த ஹக் நோன்புக் கஞ்சியோடு முடிந்துவிடுமா? கஞ்சியையாவது அளந்துதான் ஊற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாடம் பத்துப் பேர் எடுத்தாலும் குறையாது. குறையாத ஒன்றையும் கொடுக்க மனம் வரவில்லை என்றால், பிரச்சினை டேட்டாவில் இல்லை, நம்மில்தான்.

இன்றைக்கே அந்த அலுமாரிக்கு மேலே ஒருக்கால் பாருங்கள்.