சென்னையில் வெண்கலம் ஜெயிச்சாச்சு... ஆனா அணியில் ஒரு தமிழ்நாட்டுப் பையன்கூட இல்லையே, ஏன்? ஜூனியர் ஹாக்கி அணியின் கதை

2025 டிசம்பர் 10. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம். ஜூனியர் உலகக் கோப்பையில் மூன்றாவது இடத்துக்கான போட்டி. கடைசி கால் மணி நேர ஆட்டம் தொடங்கும்போது அர்ஜென்டினா 2, இந்தியா 0.

பாதிப் பேர் முகத்தில் 'அவ்வளவுதானா' என்ற களை. அப்புறம்தான் ஆட்டமே மாறியது. 49-வது நிமிடத்தில் அங்கித் பால், 52-ல் மன்மீத் சிங், 57-ல் சாரதா நந்த் திவாரி, 58-ல் அன்மோல் எக்கா. பத்தே நிமிஷத்துக்குள் 4 கோல். 4-2 என ஜெயித்து வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டது இந்தியா. ஜூனியர் உலகக் கோப்பையில் 9 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பதக்கம் இது.

மைதானம் நம்முடையது. கூட்டம் நம்முடையது. போட்டியின் சின்னமாக நின்ற காளை 'காங்கேயன்'கூட நம்ம ஊர்தான். ஆனா களத்தில் இறங்கிய இந்திய அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வீரர் ஒருவர்கூட இல்லை.

ஏன் இப்படி? யாரையாவது ஒதுக்கிட்டாங்களா? இல்ல, பிரச்னை வேற எங்கேயோ இருக்கா? விரிவா பார்க்கலாம்.

ஜூனியர் அணின்னா யாரு?

21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடும் அணி. இவர்களுக்கான உலகக் கோப்பை 1979-ல் பிரான்ஸின் வெர்சாய் நகரில் தொடங்கியது. முதல் கோப்பை பாகிஸ்தானுக்கு. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஜெர்மனி ராஜ்ஜியம்தான். சென்னையில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வீழ்த்தி வாங்கியது அவர்களுடைய 8-வது கோப்பை.

முன்பு 4 வருஷத்துக்கு ஒரு முறை நடந்த போட்டி இப்போது 2 வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. 16 அணிகள் ஆடியது போய், சென்னை, மதுரையில் நடந்த தொடரில் முதல் முறையாக 24 அணிகள் ஆடின. இதற்காகவே மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் சர்வதேசத் தரத்தில் புது ஹாக்கி மைதானம் வந்தது.

இந்தியாவின் வரலாறு என்ன சொல்லுது?

சுருக்கமா பார்த்துடலாம்.

1997, இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ்: இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 2-3 என்று தோல்வி. வெள்ளி.

2001, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்: ககன் அஜித் சிங் தலைமையில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கி முதல் கோப்பை.

2016, லக்னோ: ஹர்ஜீத் சிங் தலைமையில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று இரண்டாவது கோப்பை.

2021 புவனேஸ்வர், 2023 கோலாலம்பூர்: இரண்டிலும் நான்காவது இடம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டல.

2025, சென்னை: வெண்கலம்.

ஜூனியர் ஆசியக் கோப்பையில் கதை வேற. 2004, 2008, 2015, 2023, 2024 என 5 முறை இந்தியா சாம்பியன். கடைசி இரண்டு இறுதிப் போட்டிகளிலும் தோற்றது பாகிஸ்தான்.

இந்த அணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரே ஒரு பெயரைப் பார்த்தால் போதும். சிம்ரன்ஜீத் சிங்.

2016 லக்னோ இறுதிப் போட்டியில் இந்தியா போட்ட 2 கோல்களில் ஒன்று இவருடையது. ஐந்து வருஷம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். வெண்கலப் பதக்கப் போட்டியில் ஜெர்மனியை இந்தியா 5-4 என்று வென்றதே, 41 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த அந்தப் பதக்கம்? அந்தப் போட்டியில் 2 கோல் அடித்தவரும் இவர்தான். ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சுமித், வருண் குமார், நீலகண்ட சர்மா, குர்ஜந்த் சிங் என லக்னோவில் ஆடிய கூட்டம் அப்படியே டோக்கியோவிலும் இருந்தது. 2021-ல் ஜூனியர் கேப்டனாக இருந்த விவேக் சாகர் பிரசாத்தும், அதே அணியில் ஆடிய சஞ்சய்யும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள்.

அதாவது, ஜூனியர் அணி என்பது சீனியர் அணியின் வாசல்படி. இன்றைக்கு இந்தப் படியில் நிற்காதவர் அஞ்சு வருஷம் கழித்து உள்ளே இருப்பது கஷ்டம். தமிழ்நாட்டுப் பையன் இல்லையே என்ற கேள்விக்கு வெயிட் வருவது இதனால்தான்.

16-ம் நம்பர் ஜெர்சி: ஒரு புதுப் பாரம்பரியம்

பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ்தான் சென்னையில் ஆடிய ஜூனியர் அணியின் பயிற்சியாளர். அவர் போட்டிருந்த 16-ம் நம்பர் ஜெர்சி இனி சீனியர் அணியில் யாருக்கும் கிடையாது என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. ஆனா ஜூனியர் அணியில் அந்தத் தடை இல்லை. அடுத்த ஸ்ரீஜேஷ் அங்கிருந்துதான் வரணும் என்பதுதான் கணக்கு.

அதற்கு ஏற்ற மாதிரியே ஒன்று நடந்தது. காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2 என்று சமன் ஆகி ஆட்டம் ஷூட்-அவுட்டுக்குப் போனது. கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் சுவர் மாதிரி நின்றார். 4-3 என்று இந்தியா அரையிறுதிக்குப் போனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஸ்ரீஜேஷின் ஆரம்பம். கேரளா ஒன்றும் ஹாக்கிக்குப் பேர் போன மாநிலம் இல்ல. எர்ணாகுளம் மாவட்ட கிராமத்துப் பையன். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கி, அங்கேதான் கோல்கீப்பிங். அந்த விடுதிக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் இந்திய ஹாக்கிக்கு 16-ம் நம்பர் கதையே இல்ல.

சரி, 12 வயசுல என்ன அப்படி ஒரு அவசரம்?

காரணம் தரை.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா அந்த முறை 7-வது இடம். மண்ணிலும் புல்லிலும் பந்து குதிக்கும், திரும்பும், வேகம் குறையும். அதை மட்டையோடு ஒட்டிக் கொண்டுபோவதுதான் நம்ம ஸ்டைல். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் பறக்கும். பாஸ் கொடுக்கிற நேரம், குனிகிற அளவு, ஓடுகிற முறை என எல்லாமே வேற.

பெனால்டி கார்னரை எடுத்துக்குவோம். ஒருத்தர் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளணும், இன்னொருத்தர் வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்தணும், மூணாவது ஆள் இழுத்து அடிக்கணும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடியணும். மண் தரையில் பந்து ஒரு சின்னக் கல்லில் பட்டாலே போச்சு. அர்ஜென்டினாவுக்கு எதிராக இந்தியா அடித்த 4 கோல்களில் 3 பெனால்டி கார்னரிலிருந்து வந்தவை, ஒன்று பெனால்டி ஸ்ட்ரோக். இது ஒரு மாத முகாமில் வருகிற வித்தை இல்ல. சின்ன வயசிலிருந்து தினமும் அதே தரையில் ஆயிரக்கணக்கான முறை செய்தால்தான் கை பழகும்.

மற்ற மாநிலங்கள் என்ன செய்யுது?

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம் ஒரு நல்ல உதாரணம். பழங்குடி கிராமங்களில் ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்து ஹாக்கிப் போட்டி நடத்துவது அங்கே பல வருஷப் பழக்கம். முன்னாள் இந்தியக் கேப்டன் திலீப் திர்க்கியின் ஊரும் அந்த மாவட்டம்தான். அந்த ஆர்வத்தின் மேல் அரசு விடுதிகளைக் கட்டியது. மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2018 முதல் இந்திய அணிகளுக்கு ஸ்பான்சரும் ஒடிசாதான். பஞ்சாபில் ஜலந்தர் சுர்ஜீத் அகாடமி மாதிரியான இடங்கள் இருக்கின்றன.

இது ஹாக்கிக்கு மட்டும் உள்ள கதை இல்ல. கனடாவில் ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதான். அங்கே 16 முதல் 20 வயதுப் பையன்கள் ஆடும் ஜூனியர் அணிகள் ஊர் ஊராக இருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் பையனை அந்த ஊரிலேயே ஒரு குடும்பம் வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது. 1993-ல் காம்லூப்ஸ் என்ற ஊரில் தொடங்கிய ஒரு பழக்கம் உண்டு: டிசம்பர் மாத ஆட்டத்தில் உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும் ரசிகர்கள் கரடி பொம்மைகளைப் பனித்தரையில் மழையாக வீசுவார்கள். அத்தனையும் பொறுக்கி எடுத்து, குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜூனியர் அணி என்பது அங்கே ஊர்ச் சொத்து.

நம்ம ஊர்ல அப்படி ஒண்ணுமே இல்லையா?

இருக்கு. கோவில்பட்டி!

கடலை மிட்டாய்க்குப் பேர் போன அந்த ஊருக்கு ஹாக்கிப்பட்டி என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்து போகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதியும் செயற்கைத் தரை மைதானமும் அங்கே இருக்கின்றன.

பலன்? 2022 ஆசியக் கோப்பை இந்திய அணியில் அந்த விடுதியிலிருந்து இரண்டு பேர். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரின் கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிராக 1-1 என்று சமனில் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அது அவருடைய முதல் சர்வதேச ஆட்டம். 2023 ஆகஸ்டில் எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை 5-0 என்று வென்றபோது முதல் கோல் போட்டவரும் அவர்தான்.

அரியலூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து தங்கியதால் இது நடந்தது. கதவு ஒன்றுதான், ஆனா அது திறந்தால் ஆள் வருகிறது.

அப்போ பிரச்னை எங்கே?

சென்னைக்கு ஹாக்கி புதுசு இல்ல. 1980 மாஸ்கோவில் கடைசியாகத் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் வி.பாஸ்கரன் சென்னைக்காரர். முகமது ரியாஸ், ஆடம் சின்கிளேர் என்று ஒலிம்பிக் போன நம்மவர்கள் அடுத்தடுத்து இருந்தார்கள். 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை என்று பெரிய போட்டிகளையும் எழும்பூர் பார்த்திருக்கிறது.

ஆக, போட்டி நடத்தத் தெரியும். கூட்டம் சேர்க்கத் தெரியும். ஆனா கோவில்பட்டி மாதிரி ஊர்களை விரல் விட்டு எண்ணிடலாம். தேசிய அணிக்கு யாரும் இடஒதுக்கீடு கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. வேண்டியது, தேர்வு நடக்கிற இடத்துக்குப் போய் நிற்க நிறையப் பசங்க.

இனி என்ன?

திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் 12 வயசு பையன் ஒருத்தன் அந்த டிசம்பர் 10 ஆட்டத்தை அப்பா போனில் பார்த்தான் என்று வெச்சுக்குவோம். அவனுக்கும் ஆடணும்னு ஆசை. அங்கிருந்து எழும்பூர் சுமார் 90 கிலோமீட்டர். ரயிலில் போக மட்டும் இரண்டு மணி நேரம். தினமும் போய் வந்து பயிற்சி எடுக்க முடியாது.

அவனுக்கு இருக்கிற நேர் வழி விளையாட்டு விடுதி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு வருஷமும் தேர்வுப் போட்டி வைத்து 7, 8, 9, 11-ம் வகுப்புகளுக்கு மாணவர்களைச் சேர்க்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். வீட்டில் இப்படி ஒரு பையனோ பொண்ணோ இருந்தால், அறிவிப்பு வரும்போது தவறவிடாதீங்க.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2024-25-ல் மறுபடியும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் ஒவ்வொரு அணியும் குறைந்தது 4 ஜூனியர் வீரர்களை வைத்திருக்கணும் என்று விதி இருந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம்ம பெயரிலும் ஒரு அணி உண்டு.

2025-ல் 12 வயசு என்றால் 2033 வரைக்கும் அவன் ஜூனியர்தான். எட்டு வருஷம் இருக்கு. மதுரையில் போட்ட புதுத் தரையும் எழும்பூர் தரையும் இந்த எட்டு வருஷமும் தினமும் காலையில் நனையணும். அங்கே ஓடுவது உள்ளூர்ப் பசங்களாக இருக்கணும். திருவள்ளூர் மாதிரி மாவட்டங்களுக்கும் அப்படி ஒரு தரை வரணும்.

அது நடந்தால், அடுத்த முறை உலகக் கோப்பை நம்ம ஊருக்கு வரும்போது அணிப் பட்டியலில் நம்ம ஊர்ப் பெயரைத் தேட வேண்டியிருக்காது.