முதுகு வலிக்கு யார் கை?

"குடத்தைத் தூக்கினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. கைரோபிராக்டரிடம் போகட்டுமா, ஆஸ்டியோபாத்திடம் போகட்டுமா?" என்று கேட்டாள், குரோம்பேட்டை மாமி.

இரண்டும் அமெரிக்காவில் பிறந்த கை வைத்தியங்கள். 1874-ல் ஸ்டில் வகுத்த ஆஸ்டியோபதி தசை, மூட்டுகளை நீவி இளக்கும். 1895-ல் பால்மர் ஆரம்பித்த கைரோபிராக்டிக் பெரும்பாலும் முதுகெலும்பில் சொடுக்கெடுக்கும். நம்முடைய தொக்கணமும் வர்மமும் சித்த வைத்தியத்தில் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

யார் கையானாலும், மாமி, எலும்பு பலவீனமான வயதில் சொடுக்கு வேண்டாம், முறிந்துவிடலாம். கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டினாலோ நேரே ஆஸ்பத்திரிதான். காய்ச்சலும் சேர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் விலகிவிடும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுங்கள்.

குடத்தை மட்டும் இனி மாமா தூக்கட்டும்!