பழைய வீடும் உள்ளூர்க் கைவினைஞரும்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணம் பண்ணிப் பார்' என்பது பழமொழி. புது வீடு கட்டுவதைக் காட்டிலும் பழைய வீட்டைப் புதுக்குவது அரிய காரியம் என்பதை அதில் இறங்கினோர் அறிவர். புதுச்சேரி நகரில் இக்காரியம் இப்பொழுது தெருத்தோறும் நடைபெறுகின்றது. ஆதலின் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-க்குப் பின்னர் மீண்டும் எழுந்த நகரமே இன்று நாம் காண்பது. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழ்ப் பகுதி. தமிழ்ப் பகுதி வீட்டிற்குத் தெருவோரத்தில் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம்; அடுத்துத் திண்ணை; உள்ளே வானம் பார்த்த முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழர் முறையிலும், மேல்தளம் வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்துள்ளன. இவ்விரு முறைகளையும் ஒரே சுவரில் இசைவித்தது உள்ளூர்க் கொத்தனாரின் கரணையும் தச்சரின் உளியுமே என்பதை மறத்தல் ஆகாது.

இன்றைய வழக்கமோ வேறு. வரைபடம் முதலில் எங்கோ ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றது. கொத்தனார் கடைசியில் அழைக்கப்படுகின்றார். அவரிடம் யோசனை கேட்பார் இல்லை; நாட்கூலி மட்டுமே பேசப்படுகின்றது. விளைவு என்ன? செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த சுவரின்மேல் சிமெண்டைப் பூசுகின்றனர். சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிக் காய்ந்துவந்த ஈரம், சிமெண்டு அடைத்ததும் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. கடற்கரை ஊராதலின் அவ்வீரத்தோடு உப்பும் சேர்கின்றது. சுவரில் ஓதம் ஏறுகின்றது; உப்புப் பூக்கின்றது; பூச்சு பெயர்ந்து விழுகின்றது. உடனே 'வீடு பழசாகிவிட்டது, இடித்துவிடலாம்' என்று தீர்ப்பும் கூறப்படுகின்றது. நோய் வீட்டினுடையதன்று, மருந்தினுடையது.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவைத்தல், கடுக்காய் நீரும் வெல்லமும் கூட்டி அரைத்தல், பூச்சுக்குமேல் பூச்சாகக் காயவிடுதல், இறுதிப் பூச்சை முட்டை வெண்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்தல், தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கற்களைக் கட்டைக்குத்தாக அடுக்கி மட்டப்பா போடுதல் ஆகிய இவை ஏட்டில் படித்து வருவன அல்ல. கூடவே நின்று கைப்பழக்கத்தால் வருவன. வேலை கொடுப்பார் இல்லையெனில், அறிந்த கொத்தனாரின் மகன் வேறு தொழிலுக்குப் போய்விடுவான். ஒரு தலைமுறை விட்டுப்போனால் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அக்கையைப் பெறுவது அரிது.

கவனிப்பைத் தள்ளிப்போடுவதன் பயனை இந்நகரே கண்டது. 19-ஆம் நூற்றாண்டில் கடற்கரைச் சாலையில் எழுந்த நகரமன்றக் கட்டிடமாகிய மேரி, 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பெற்று 2021-இல்தான் திறக்கப்பட்டது. அரசாங்கக் கட்டிடத்திற்கு அது இயலும். தனிக் குடும்பத்தின் வீடு விழுந்தால் மீளக் கட்டித் தருபவர் யார்?

நல்ல சான்றும் இந்நகரிலேயே உண்டு. கால்வே சுப்பராயச் செட்டித் தெரு என்றும் வழங்கும் வைசியாள் தெருவில், 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு முயற்சி நடைபெற்றது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரும் இதில் புதுச்சேரியோடு கைகோத்தன. இன்டாக் நிறுவனத்தார் முன்நின்றனர். செலவில் வீட்டுடையார் ஒரு பங்கும் திட்டத்தார் ஒரு பங்கும் ஏற்று, வீடுகளின் தெருமுகங்கள் செப்பனிடப்பெற்றன. இதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பங்கிட்டுச் செய்தல் என்பது கூட்டுறவாளராகிய நமக்குப் புதிய பாடமா?

நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நல்ல சேலை வேண்டுவோர் கரையும் முந்தானையும் இன்னவாறு வேண்டும் என்பர். நூலின் நம்பரையும் பாவின் நெருக்கத்தையும் நெசவாளி சொல்வார். இருவரும் பேசிய பின்னரே பாவு ஓடும். வீட்டிற்கும் இதுவே முறை. குழித்தறி வீட்டில் தறிக்குழிக்குத் தரை உலர்ந்திருத்தல் வேண்டும். பாவின்மேல் ஒருசீரான வெளிச்சம் விழுதல் வேண்டும். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து உழவர்க்கோ முற்றம் நெல் உலர்த்தும் களம். திண்ணை மூட்டை இறக்கும் இடம். தொலைவில் வரைந்த படத்தில் முற்றம் வீண் இடமாகத் தோன்றும். அதை மூடிய பின்னரே வீடு இருண்டு புழுங்குவது தெரியும்.

'சுண்ணாம்பு வேலைக்கு நாளாகும், பணமாகும்' என்பர் சிலர். நாளாவது உண்மையே. எல்லா வீட்டையும் பழைய முறையில்தான் புதுக்க வேண்டும் என்றும் நாம் வற்புறுத்தவில்லை. கழிப்பறையும் சமையலறையும் இக்காலத்திற்கேற்ப அமைதல் வேண்டும். அவ்விடங்களில் சிமெண்டுக்கும் வேலையுண்டு. எச்சுவரில் எது பொருந்தும் என்பதைச் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்ல வல்லவரை முதல் நாளிலேயே உடன் வைத்துக்கொள்க என்பதே நம் கருத்து. பெயர்ந்த பூச்சை ஆண்டுதோறும் மீண்டும் பூசும் செலவைக் கூட்டிப் பார்த்தால் எது சிக்கனம் என்பது புலனாகும்.

இதற்குத் தனியொருவர் முயற்சி போதாது. நம் மாநிலத்தின் ஒரு பகுதியாகிய மாகிக்கு அண்மையில், வடகரைப் பக்கத்தில், 1925-இல் ஒருசில தொழிலாளர் கூடித் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று சாலைகளும் பாலங்களும் கட்டும் பெருஞ்சங்கமாக விளங்குகின்றது. புதுச்சேரிக் கொத்தனார்களும் தச்சர்களும் கொல்லர்களும் அவ்வாறு ஒன்றுகூடினால் என்ன? தேர்ந்தவர் பட்டியல், வேலைக்கேற்ற நியாயமான விகிதம், படிப்படியாகப் பணம் கொடுக்கும் எழுத்து ஒப்பந்தம், மூத்தவரிடம் இளைஞர் கூலியோடு பயிலும் ஏற்பாடு ஆகியவற்றைச் சங்கமே நடத்தலாம். கடன் சங்கங்களும் வீடு புதுக்குவோர்க்கு உதவ முன்வரலாம்.

கைத்தறிக்கு ஆதரவு வேண்டி ஊரார் வாயிலில் நின்றவர்கள் நாம். மற்றொரு கைத்தொழில் நம் வாயிலில் நிற்கும்போது, மலிவு எது என்று மட்டும் கேட்பது நமக்கு அழகன்று. வீடு புதுக்க எண்ணும் அங்கத்தினர், படம் வரைவதற்கு முன்னரே தம் தெருக் கொத்தனாரை அழைத்துத் திண்ணையில் அமர்த்திக் கலந்து பேசுவாராக.