யாருடைய புகழ்ச்சியை நம்பிப் பனிமலைக்குப் போவது?

சிஞ்ச்வட்டில் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏழு உள்ளன. எங்கள் பெற்றோர் தலைமுறையினர் பிம்பிரியின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலைக்கும் டெல்கோவிற்கும் ஆகுர்டியின் பஜாஜ் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு விடுமுறை என்றால் ஆண்டுக்கொரு முறை ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போய்வருவது; அதற்கு மேல் ஒரு பயணம் வாய்த்தால் பண்டர்பூர், ஷீரடி. எங்கள் பிள்ளைகளோ பனியில் சறுக்க வேண்டும் என்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் ஒன்றரை ஆண்டு தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் பணம் போட்டு, ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, 2024 மார்ச்சில் மூன்று குடும்பங்களாகக் குல்மார்க் போய்வந்தோம். பதினொரு பேர். மூத்தவர் எங்களுள் ஒருவரின் தாயார், வயது எழுபத்தொன்று. இளையவன் ஆறு வயதுச் சிறுவன்.

அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பிழையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பணம் சேர்ப்பதில் நாங்கள் பிழை செய்யவில்லை. கருத்துக் கேட்பதில் செய்தோம்.

புறப்படுமுன் பனிச்சறுக்குத் தெரிந்தவர்கள் மூவரிடம் ஆலோசனை கேட்டோம். ஹிஞ்சவடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர், உலகில் தாம் சறுக்கிய மலைகளுள் அஃபர்வாத்துக்கு இணை இல்லை என்றார். ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர், குல்மார்க்கை விட்டால் இந்தியாவில் வேறிடம் ஏது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உத்தராகண்டின் அவுலியில் பயிற்சி பெற்ற பெண்மணி மட்டும், அவுலி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே சரிவு, இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று சற்றுத் தயங்கிச் சொன்னார். மூன்று கருத்துகளையும் கூட்டிக் கழித்துக் குல்மார்க் என்று தீர்மானித்தோம். மூவரும் உண்மையையே சொன்னார்கள். ஆனால் மூவருமே தங்களை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

குல்மார்க்கின் புகழுக்குத் தக்க காரணம் உண்டு. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1927இல், அங்கே சறுக்குவோர் சங்கம் தோன்றிவிட்டது. நாடு விடுதலை பெற்றபின் படைவீரர்களுக்கான பனிச்சறுக்குப் பள்ளி 1948இல் அமைந்தது. இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி அதன் வழித்தோன்றலே. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளியிலிருந்து கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி முதற்கட்டமாகக் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வாத் மலைமுகட்டுக்கும் ஏற்றிச் செல்கிறது. முதற்கட்டம் 1998இலும் இரண்டாவது 2005இலும் திறக்கப்பட்டன. அந்த இரண்டாம் கட்டம் வந்த பிறகே வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் திரளாக வரலானார்கள். மேலே இயந்திரம் அமுக்கிச் சமன்செய்யாத, மாவு போன்ற புதுப்பனி முழங்கால் ஆழத்திற்குக் கிடக்கும். தேர்ந்தவர்க்கு அதைவிட இன்பம் வேறில்லை.

அதே பனி ஆறு வயதுச் சிறுவனுக்கு என்ன? கால் புதையும், பலகை திரும்பாது, விழுந்தால் எழ முடியாது. ஐரோப்பிய மலைகளில் இரவோடிரவாக எந்திரங்கள் பனியைச் சீவி, எளிய சரிவுக்கு நீலம், அடுத்ததற்குச் சிவப்பு, கடினமானதற்குக் கறுப்பு என்று நிறக்கொடி நட்டு வைப்பார்கள். அஃபர்வாத்தின் பெரும்பகுதிக்கு அப்படிப்பட்ட வேலியும் கொடியும் கிடையாது. 2023 பிப்ரவரி முதல் நாளன்று அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில், நாங்கள் போவதற்குச் சில வாரங்கள் முன்னர், ரஷ்யர் ஒருவர் இறந்தார். இரண்டும் வரையறுத்த சரிவுகளுக்கு வெளியே நேர்ந்தவை, அனுபவசாலிகளுக்கு நேர்ந்தவை. குல்மார்க்கை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வல்லவர் ஒரு மலையை எதற்காகப் புகழ்கிறாரோ, அதே காரணத்துக்காக நம் குடும்பம் அதன் உச்சியிலிருந்து விலகியிருக்க வேண்டியிருக்கிறது.

நாங்களோ முதல்நாள் காலையிலேயே உச்சிக்குப் போனோம். பயண ஏற்பாட்டாளர் வகுத்துத் தந்த நிகழ்ச்சி நிரல் அப்படி. ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் புனேப் பகுதியிலிருந்து முதல்நாள் கிளம்பியவர்கள், மறுநாள் நண்பகலுக்குள் 3,900 மீட்டரில் நின்றோம். இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலேயே சிலர்க்கு உயர்மலை நோய் தலைகாட்டும் என்பது மருத்துவர்கள் எப்போதும் சொல்வது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, இரண்டு பிள்ளைகளுக்குத் தலைவலி, ஒருத்திக்கு வாந்தி. அரைமணியில் கீழே இறக்கினோம். பிற்பகலில், "ஒரு மணி நேரம் சறுக்கு, படமும் உண்டு" என்று கூவியவரிடம் அளவு பொருந்தாத காலணிகளை வாடகைக்கு வாங்கினோம். பலகையோடு காலணியைப் பிணைக்கும் கவ்வியை அவரவர் எடைக்கும் திறமைக்கும் ஏற்றபடி திருகி வைக்க வேண்டும். விழும்போது அது கழன்று கொண்டால்தான் முழங்கால் தப்பும். இதெல்லாம் பின்னால் தெரிந்து கொண்டது. எங்களுள் ஒருவரின் கவ்வி கழலவில்லை. முழங்கால் தசைநார் பிசகி, எஞ்சிய நாள்களை அவர் விடுதி சன்னலோரம் கழித்தார். சிறுவன், இனிப் பனியே வேண்டாம் என்று அழுதான். ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு அந்த மாலையில் எங்களுக்கு மிகவும் கசந்தது.

மறுநாள் விடுதிக்காரர் அறிமுகம் செய்து வைத்த பயிற்சியாளர் எங்களை மேலே எங்கும் அழைத்துப் போகவில்லை. குல்மார்க் கிண்ணத்துக்குள்ளேயே, ஒரு மாடி உயரம்கூட இல்லாத மேடு. அங்கே சறுக்கவே விடாமல், ஒற்றைப் பலகையோடு நடக்க வைத்தார், விழ வைத்தார், விழுந்தபின் எழும் முறையைப் பத்து முறை செய்வித்தார். பிறகு பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்து நிற்கும் நிலை. உலகெங்கும் குழந்தைகளுக்கு இதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லித்தான் கற்பிக்கிறார்கள். பீட்சா என்றதும் சிறுவன் அழுகையை நிறுத்தினான். மார்ச் வெயிலில் நண்பகலுக்குள் பனி இளகிவிடும் என்பதால் பாடம் காலையோடு முடியும். மூன்றாம் நாள் அவன் மேட்டின் உச்சியிலிருந்து தானாகக் கிளம்பி, தானாக நின்றான். சன்னலுக்குள்ளிருந்து அம்மாவும் முழங்கால் கட்டோடு அவரும் கைதட்டினார்கள். பதினொரு பேரும் அந்தப் பயணத்தில் ஒருசேர மகிழ்ந்தது அப்போதுதான்.

ஆகவே, குடும்பத்துக்கு ஏற்ற இடம் எது என்று கேட்பவர்களிடம் எங்கள் அளவுகோலைச் சொல்கிறோம். பெயரோ உயரமோ கோண்டோலாவோ எங்களுக்குப் பொருட்டில்லை. அச்சமின்றி விழுவதற்கு ஒரு தாழ்ந்த மேடு இருக்கிறதா? அதே பயிற்சியாளர் நான்கைந்து நாள் தொடர்ந்து வருவாரா? சறுக்காதவர் குளிரில்லாமல் உட்கார்ந்து பார்க்க இடம் உண்டா? இவை இருந்தால் குல்மார்க்கும் குடும்பத்துக்கு ஏற்றதே, கீழேயே இருந்துவிட்டால்.

இந்தக் கணக்கில் பார்த்தால், அலுத்துவிடும் என்று அந்தப் பெண்மணி குறையாகச் சொன்னது அவுலிக்கு எங்கள் கண்ணில் நற்சான்றாகத் தெரிகிறது. தேர்ந்தவருக்கு இரண்டு நாளில் அலுக்கும் சரிவு, தொடங்குபவருக்கு ஒரு வாரத்திற்குப் போதும். ஒரே சரிவு என்றால் பிள்ளை எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் அரசு நிறுவனம் அங்கே நெடுங்காலமாக 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்தி வருகிறது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்ததும் அதே சரிவில்தான். எதிரே 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தாதேவி. அடிவாரத்து ஜோஷிமட் ஆதிசங்கரர் மடம் நிறுவிய ஊர் என்பது பலருக்குத் தெரியும். அங்குள்ள நரசிம்மர் கோயிலே திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவ மரபு கொள்கிறது. சறுக்க வராத பெரியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவுலியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கினால் அன்று மாலைக்குள் குல்மார்க் போய்விடலாம்; அவுலிக்கு ரிஷிகேசத்திலிருந்தே ஒரு முழுநாள் வளைவுச் சாலை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது, அங்கிருந்து அவுலிக்குச் செல்லும் கம்பிவடப் பாதையும் நிறுத்தப்பட்டது. போகிறவர்கள் அதன் நிலையை விசாரித்தே கிளம்ப வேண்டும்.

இனிப் பணம் சார்ந்த சில சொற்கள். இவ்விதழின் வாசகர்களுக்கு அவை அயலானவை அல்ல. பனி இப்போது பஞ்சாங்கம் பார்த்துப் பெய்வதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் பழுப்பு நிறமாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனிக்குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அதே ஆண்டு ஏப்ரலில் பகல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் காஷ்மீர்ப் பயணத்தைக் கைவிட நேர்ந்தது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவர், ரத்தானால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்பீடு எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த எங்களுக்கு, சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்ற வரி முழங்கால் பிசகிய பிறகே கண்ணில் பட்டது. பல பத்திரங்களில் இந்த விலக்கு உண்டு. சிறிது கூடுதல் கட்டணத்தில் சிலவற்றில் அதை நீக்கிக் கொள்ளலாம்.

இன்னொன்று சிரிப்புக்குரியது, இப்போது. பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டணக் கைப்பேசி இணைப்பு ஜம்மு காஷ்மீரில் இயங்காது. பின்கட்டண இணைப்பு மட்டுமே இயங்கும். பதினொரு பேரின் பொதுச் செலவுக்கான வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டிருந்த எண் முன்கட்டண எண். ஒருமுறைக் கடவுச்சொல் வரவில்லை, யூபிஐ நகரவில்லை. தாயார் சுருக்குப்பையில் கொண்டுவந்திருந்த ரொக்கத்தால் முதல்நாள் இரவு உணவு உண்டோம்.

மரப்பலகை வண்டியில் ஆளை உட்கார்த்திப் பனியில் இழுத்துச் செல்லும் ஸ்லெட்ஜ் தொழிலாளர்கள் குல்மார்க்கில் வழியெல்லாம் சூழ்ந்து கொள்வார்கள். தொல்லை என்று சலித்துக் கொள்பவர்களே மிகுதி. மனிதர் இழுக்க மனிதர் உட்காருவது எங்களுக்கு ஒவ்வவில்லை. ஆனால் முதல்நாள் மூச்சு வாங்கிய அம்மாவைக் கோண்டோலா நிலையத்திலிருந்து விடுதிவரை கொண்டுவந்து சேர்த்தவர் அவர்களுள் ஒருவரே. பேரம் பேசிய எங்கள் வாயை அன்று மூடிக் கொண்டோம்.

புதிய தொடர் வைப்பு ஒன்று தொடங்கியிருக்கிறோம். இம்முறை அவுலி, ஏழு நாள் பயிற்சி. முழங்கால் பிசகியவர் தம் வயதுக்குரிய காலணியும் கவ்வியும் கிடைத்தால் மட்டுமே சறுக்குவேன் என்று எழுதித் தந்திருக்கிறார். நீங்கள் வீட்டிலேயே இருந்து கொள்ளுங்களேன் என்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தோம். திருப்பிரிதியை விடமாட்டேன் என்றார். கூடவே, சன்னலிலிருந்து மேடு தெரியும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யவும் சொன்னார்.