நம் நகரை நடந்து பார்ப்போம்!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, அரிமளம்

சுற்றுலா என்றதும் நம் பள்ளியில் எல்லோருக்கும் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. அரிமளத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுக்கோட்டையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? "மாதம் இருமுறை போகிறோமே!" என்பீர்கள். போகிறோம், உண்மைதான். தீபாவளிக்கு ஜவுளிக் கடை, பல் வலித்தால் டாக்டர் வீடு, கல்யாணம் என்றால் மண்டபம். பேருந்து நிலையத்தில் இறங்கி, வேலையை முடித்து, மறுபடியும் பேருந்து நிலையம். இதற்குப் பெயர் ஊரைப் பார்ப்பதா?

பலரும் புதுக்கோட்டையை ஒரு சாதாரண ஊர் என்று எண்ணுகிறார்கள். அதன் தெருப் பெயர்களையே சற்றுக் கவனியுங்கள். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என நான்கு. அவற்றுக்கு நடுவே தொண்டைமான் மன்னர்களின் பழைய அரண்மனை. அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்கள். கீழ மூன்றாம் வீதி என்று யாராவது சொன்னால், அரண்மனைக்குக் கிழக்கே மூன்றாவது தெரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 1812-ஆம் ஆண்டில் ஒரு பெருந்தீ ஊரை அழித்த பிறகு, தெருக்களை நேர்கோட்டில் அமைத்து ஊரை மீண்டும் கட்டினார்கள். அமெரிக்காவின் நியூயார்க் நகரத் தெருக்களுக்கும் எண்கள்தாம் பெயர்கள். அந்நகரின் திட்டம் வகுக்கப்பட்டது 1811-இல். ஓராண்டுதான் வித்தியாசம்! பின்னர் 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைத் தூர் வாரி, நகரை மேலும் அழகுபடுத்தினார். இத்தகைய ஊரில் வழி தப்பிப்போவது கடினம். ஆகவே, "தொலைந்துபோவீர்கள்" என்ற பயத்தைப் பெற்றோர்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும்.

ஆனால் அவர்களுடைய உண்மையான பயம் அதுவன்று என்பது எனக்குத் தெரியும். "பெண் பிள்ளை காரணம் இல்லாமல் தெருவில் சுற்றலாமா? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" இதுதான் கேள்வி. என் அண்ணனுக்குப் புதுக்கோட்டையின் சந்து பொந்தெல்லாம் அத்துபடி. சைக்கிளில் போய்ச் சுற்றிவிட்டு வந்தால், "பொழுது போகவில்லையாக்கும்" என்று அம்மா சிரிப்பார்கள். எனக்கும் பொழுது போகாதா? அண்ணனைவிட வரலாற்றில் நான்தான் அதிக மதிப்பெண் வாங்குகிறேன் (இதை அவன் மறுக்க முடியாது). தெருவில் ஒரு பெண் மட்டும் நடந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். நாற்பது பெண்கள் நடந்தால், சில நாளில் வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதே புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது ஊரில் பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் இடையே திரை கட்டினார்களாம்! அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து பாடம் கேட்டவர், 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர் வீட்டார் நினைத்திருந்தால்?

நடக்க விரும்புவோருக்கு என் யோசனை, ராஜ வீதிகளைச் சுற்றிவிட்டு, சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளக்கரையில் சற்று அமருவது. குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, வரத்து வாரி எங்கே அடைபட்டிருக்கிறது, யார் வீட்டுக் குப்பை எங்கே வந்து சேருகிறது என்பதெல்லாம் பேருந்தின் சன்னலில் தெரியாது. அங்கிருந்து திருச்சி சாலையில் திருக்கோகர்ணம் வரை நடக்கலாம். மலையைக் குடைந்து கருவறை அமைத்த கோயில் அங்கே இருக்கிறது. முன் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் இராமாயண ஓவியங்கள். பக்கத்திலேயே 1910-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை! நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுத்த அம்மன் காசைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்குதான் அதன் மதிப்பு. அவ்வளவு சிறிய செம்புக் காசில் அம்மன் உருவம் ஒரு பக்கம், 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து மறுபக்கம். தமிழ் நாட்டுக் காசில் தெலுங்கு ஏன் வந்தது என்று நம் வரலாற்று ஆசிரியையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பீரியட் போய்விடும்.

நம் அரிமளம் மட்டும் குறைந்ததா? தினமும் காலை வணக்கத்தில் நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகத்தில் உள்ளது. அவருடைய ஞானகுரு கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் அடக்கமான இடம் நம் ஊரில்தான் இருக்கிறது. அந்த வழியாகத் தினம் டியூஷனுக்குப் போகும் என் தோழிக்கு இது தெரியாது. நான் சொன்னபோது, "சும்மா சொல்லாதே!" என்றாள்.

எனவே நம் சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். கொடைக்கானல் சுற்றுலாவை நிறுத்த வேண்டாம் (நிறுத்தினால் தோழிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்). பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் எங்களை நடக்க அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆகவே செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெயில் ஏறுமுன் ஏழு மணிக்குத் தொடங்கலாம். பெண்கள் நடப்பதற்கு உண்மையான தடை கழிப்பறை. எந்தத் தெருவில் சுத்தமான கழிப்பறை உண்டு, எங்கே இல்லை என்று முதல் நடையிலேயே குறித்து வந்து, மாநகராட்சிக்கு நாங்களே மனு எழுதுகிறோம். தமிழ்த் தேர்வில் விண்ணப்பக் கடிதம் எழுத எப்படியும் பயிற்சி வேண்டுமே! பெற்றோர்கள் கையெழுத்திட வேண்டிய அனுமதிச் சீட்டை நான் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.